இருப்பறிதல்

முப்பத்திரண்டு ரப்பர் பாய்கள். ஒவ்வொன்றையும் தரையில் விரித்து, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். திருப்பிப் போட்டு மறுபடி துடைக்க வேண்டும். பிறகு விடுதி மாடியின் விளிம்பில் கட்டியிருந்த மூங்கில் கழிகளில் தொங்கவிட வேண்டும். காலை யோகா வகுப்பு இறங்கிப் போய் அடுத்த வகுப்பு ஏறி வருவதற்குள் இருபது நிமிடம். பெரியவள் பதினோராவது பாயில் இருந்தபோது அந்த இருபது நிமிடமும் தீர்ந்துவிட்டது.

அது அவளுக்கு முதல் நாள். தொழிலும் இதுவல்ல. பேருந்தில் ஆறு மணி நேரம் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், பத்தொன்பது வருஷமாக ஆயா வேலை. பாய் துடைக்கும் வேலை அவள் தங்கை சின்னவளுடையது. போன வாரம் ஈரப் பாய்களை அடுக்காகத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது சின்னவளின் இடுப்பில் சுருக்கென்று ஏதோ பிடித்தது. பிடித்தது விடவில்லை. மூன்று வாரம் பலகையில் நேராகப் படுக்க வேண்டும், ஒரு செம்பைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுதியிலோ மூன்று நாள் ஆள் வராவிட்டால் அது காலி இடம். வேலையோடு சேர்ந்து வந்த அறையும் காலி. ஆனால் வீட்டிலிருந்து மாற்று ஆள் ஒருத்தர் வந்து நின்றால் இடம் இடமாகவே இருக்கும். பெரியவள் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். எந்த ஊருக்கு என்று கேட்ட சூப்பர்வைசர், "அங்கயா? நல்லா அனுபவிங்க" என்று வழியனுப்பினார்.

சின்னவளின் அறை, அலைப் பலகைகளைப் பழுது பார்க்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. எந்நேரமும் பசை வாடை. டாக்டர் சொன்ன பலகைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது கொட்டகைக்காரர் நுனி உடைந்த அலைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அதன் மேல்தான் சின்னவள் மல்லாந்து கிடந்தாள்.

"நடுவுல கொஞ்சம் வளைவு, படகுல படுத்த மாதிரி இருக்கு" என்றாள் சின்னவள். "சரி, சொல்லு. என்ன பாத்த?"

"என்னத்தச் சொல்ல. ஊரு பூரா செருப்பில்லாம நடக்குறாங்க. முதல்ல ஏதாவது துக்கமோன்னு நினைச்சேன். அப்புறம் ஆளாளுக்கு இஸ்திரி போடுற பலகையைத் தூக்கிட்டுக் கடலுக்குள்ள போறாங்க."

"இஸ்திரி இல்லக்கா. அலை மேல ஏறி நிக்கிறதுக்கு."

"நின்னா?"

"விழுவாங்க."

"விழுந்தா?"

"மறுபடி ஏறுவாங்க. அதுக்குச் சொல்லிக் குடுக்க வாத்தியார்கூட இருக்காரு."

"விழுறதுக்கு வாத்தியாரா" என்று பெரியவள் யோசித்தாள். கேட்கக் கேட்க அவளுக்குக் கேள்வி ஊறியது. பச்சைக் கூழைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி அதற்குக் குழாய் போட்டு ஏன் குடிக்கிறார்கள்? ஊஞ்சல் நாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பக்கத்தைப் படிக்கிற ஆளுக்கு வீட்டில் என்ன பிரச்சினை? மாடியில் கைகால் எல்லாம் முறுக்கிவிட்டுக் கடைசியில் எல்லாரும் அப்படியே படுத்துவிடுகிறார்களே, அது என்ன?

"அதுதான் கடைசி ஆசனம். பொணம் மாதிரிப் படுக்கணும். அதுக்குப் பேரே அதுதான்."

"காசு குடுத்தா?"

"பின்ன?"

"எங்க வார்டுல இலவசம்" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இடுப்பில் போய் இடித்தது. "சிரிக்க வைக்காதக்கா, உசிரு போகுது." வலி அடங்கியதும் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்: "என்னைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

அன்று காலை ஏழெட்டுப் பேர் பெரியவளைப் பார்த்துக் கைகூப்பினார்கள். எல்லாரும் தங்கையின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இருவருக்கும் ஒரே மூக்கு என்பதைத் தவிர ஜாடையில் பெரிதாக ஒன்றுமில்லை. பெரியவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. ஆள் மாறியது ஒருத்தருக்கும் தெரியவில்லை. விடுதிச் சீருடைச் சட்டை ஒன்றுதானே.

"கேட்டாங்க, கேட்டாங்க" என்றாள் பெரியவள். "எல்லாரும் விசாரிச்சாங்க."

விடுதி வாசலில் 'இங்கே யாருக்கும் அவசரமில்லை' என்று மரப்பலகையில் செதுக்கி வைத்திருந்தார்கள். மேனேஜரும் அப்படித்தான். சத்தமே போடாதவர், என்ன சொல்கிறார் என்று கேட்க நாம்தான் குனிய வேண்டும். ஆளை நீக்கும்போதும் அதே குரல்தான். சமையல்கட்டில் ஒருவருக்கு வேலை போனது அவர் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் புரிந்ததாம். பாய் துடைப்பதில் ஒரு நிமிடம் தாமதமானால் மாடிக்கு வந்து, பெரியவளைப் பார்த்துப் புன்னகைத்து, கழியில் தொங்கும் பாயை ஒரு விரலால் தொட்டு ஈரம் பார்த்துவிட்டு இறங்கிப் போவார்.

நான்காம் நாள் விடியற்காலையில் மழைக்காற்று அடித்தது. வகுப்பு கடைசி ஆசனத்துக்கு வந்தபோது கீழே இருந்த பெரியவளை யோகா டீச்சர் கைகாட்டி அழைத்தாள். நாள் முழுக்க 'மூச்சை விடுங்க, மூச்சை விடுங்க' என்று சொல்வதால் வேலைக்காரர்கள் மத்தியில் அவளுக்கு மூச்சு டீச்சர் என்று பேர். போர்வைக் கூடையைக் காட்டி, எல்லாருக்கும் போர்த்திவிடு என்று சைகை செய்தாள்.

இரண்டு வரிசை. வரிசைக்குப் பதினாறு பேர். மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து, உள்ளங்கை மேலே பார்க்க. பெரியவளுக்கு இது பழகின காட்சி. கை அதன் பாட்டுக்கு வேலையை எடுத்துக்கொண்டது. போர்வையை உதறி, காலிலிருந்து நெஞ்சு வரை இழுத்து, முகத்தை மூடாமல் விட்டு, குதிகாலுக்கு அடியில் செருகினாள். கோணிக் கிடந்த பாதங்களைச் சேர்த்து வைத்தாள். புறங்கையை நெற்றியில் வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, அடிக்கிறதா என்று ஒரு நொடி கவனித்தாள். அடித்தது. அடுத்த ஆள்.

இரண்டாவது வரிசையில் ஒன்பதாவது ஆளுக்கு வரும்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. பெரியவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். தொட்டுத் தொலைத்துவிட்டோமே, தங்கை பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டோமே என்று அவளுக்கு வியர்த்தது. மிச்சம் ஏழு பேருக்கும் போர்வையை மட்டும் தூரத்திலிருந்து போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

அரை மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அறையில் மூச்சு டீச்சரும் அந்தப் பெண்மணியும் இருந்தார்கள். பெண்மணி பெரியவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவளுக்குத் தெரியாத பாஷையில் நிறையப் பேசினாள். "அவங்க அம்மா போனதுலேர்ந்து யாருமே நெத்தியில கை வச்சுப் பாத்ததில்லையாம்" என்றாள் டீச்சர். "கடைசி ஏழு பேரும் எங்களுக்கு ஏன் இல்லைன்னு கேக்குறாங்க."

அவர்கள் போனதும் மேனேஜர் மெல்லக் கேட்டார்: "இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"வார்டுல சார். தெரியாம செஞ்சுட்டேன். தங்கச்சி மேல ஒண்ணும் தப்பில்ல."

"அந்த முறைக்குப் பேர் என்ன?"

"பேரெல்லாம் இல்ல சார். ஆள் இருக்காங்களா இல்லையான்னு பாக்குறது. காலைல ஷிப்ட் மாறும்போது யாராவது போயிருந்தாங்கன்னா, யாரு ஷிப்ட்ல போனாங்கன்னு பஞ்சாயத்து வரும். அதனால வந்ததும் தொட்டுப் பாத்துடுறது."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "இருக்காங்களா" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "இருப்பு" என்றார்.

மறுநாள் வாசலில் இருந்த கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தது: 'இருப்பறிதல். தொன்மையான ஸ்பரிச முறை. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும்.' பெரியவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இருப்பு என்றால் அவளுக்குத் தெரிந்து மருந்துக் கிடங்கில் எத்தனை பஞ்சு, எத்தனை ஊசி என்பதுதான். தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்பது கூட்டம் வந்த பிறகுதான் புரிந்தது. பாய்க்குப் பாய் இடைவெளியைக் குறைத்து நாற்பது பேரைப் படுக்க வைத்தார்கள். துடைக்கும் பாயும் நாற்பதானது. இருபது நிமிடம் மட்டும் அப்படியே இருந்தது.

சின்னவள் கூரையைப் பார்த்தபடி இதைக் கேட்டாள். கொட்டகையில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அஞ்சு வருஷம் தொடச்சேன்" என்றாள் பிறகு. "நீ அஞ்சாவது நாளே போர்டுல ஏறிட்ட."

"நானா ஏறினேன்? கை பாட்டுக்குப் போயிடுச்சுடி."

"போகும் போகும். எனக்கும்தான் கை இருக்கு, ஒரு நாளாவது போச்சா?" சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேன். அங்க எவனாவது பேச்சு மூச்சில்லாம கிடந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள்.

"உன் மேனேஜர் ஷிப்ட்லன்னு எழுதிடுவேன்."

மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் வலி.

வியாழக்கிழமை மேனேஜர் பெரியவளுக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க இங்கயே இருந்துடுங்கம்மா. உங்க தங்கச்சிக்கு ஓய்வு தேவை."

"சனிக்கிழமை நான் கிளம்பணும் சார். லீவு முடிஞ்சு ஒரு நாள் தாண்டினாலும் அங்க என் பேரை அடிச்சுடுவாங்க. இந்த இடம் அவளோடது. நான் காவலுக்கு உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

"இடம் யாரோடதும் இல்லம்மா" என்றார் அவர் கனிவாக. "எல்லாருமே வந்து போறவங்கதான்."

"இன்னும் ரெண்டு வாரம் குடுங்க சார். எழுந்துடுவா. அதே கைதான் அவளுக்கும். ஒரே வயித்துல பொறந்தவங்க."

மேனேஜர் காலண்டரில் ஒரு விரலை வைத்தார். "அப்ப சனிக்கிழமை காலை அவங்களே வந்து செய்யட்டும். கை ஒத்து வந்தா அவங்களே இருக்கட்டும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்குறேன். பாய் வேலையும் சேத்துத்தான். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

அன்று இரண்டு வகுப்பையும் முடித்துவிட்டு வந்து சொன்னபோது சின்னவள் பலகையின் ஓரத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் முகம் வெளுத்தது.

"இந்த நிலைமையில எப்படிடி குனிவ? நாப்பது பேரு."

"குனியத்தான முடியாது. முட்டி போடலாமில்ல. முட்டியில நகந்து போறேன். பாயையும் அப்படியே தொடச்சுக்குறேன்." வெளுத்த முகத்தோடேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "இந்த அறையும் போச்சுன்னா, உன் வார்டுலதான் வந்து படுக்கணும். அது ஆம்பளைங்க வார்டு வேற. சொல்லு, எந்தக் கையால தொடணும்?"

"புறங்கை. உள்ளங்கையில எப்பவும் சூடு இருக்கும், காய்ச்சல் தெரியாது."

"காய்ச்சல் இருந்தா?"

"இருக்காது. அவங்கல்லாம் நல்லாத்தான் இருக்காங்க."

சனிக்கிழமை காலை பெரியவள் ஒரு பருத்திச் சேலையை நீளமாகக் கிழித்துத் தங்கையின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மேலே சட்டை போட்டதும் ஒன்றும் தெரியவில்லை. மாடிக்கு இருபத்தேழு படி. சின்னவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினாள். அன்றைய பாய்களைத் தானே துடைத்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று பெரியவள் வாளியோடு கடைசிப் படிக்குக் கீழே நின்றுகொண்டாள். அங்கிருந்து தலையை நீட்டினால் மாடி முழுக்கத் தெரியும்.

சின்னவள் முதல் ஆளின் அருகில் முட்டி போட்டாள். போர்வை, குதிகால், நெற்றி, மணிக்கட்டு. அடுத்த ஆளுக்கு முட்டியாலேயே நகர்ந்தாள். கை தேர்ந்த கையாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் பெரியவளைவிட நிதானம். ஒவ்வொரு தடவையும் தரையில் கையூன்றி மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். தூணோரமாக நின்றிருந்த மேனேஜர் பத்துப் பேர் வரை பார்த்தார். அவளுடைய மெதுவான நகர்வு அவருக்குப் பிடித்திருந்தது. படியிறங்கும்போது பெரியவளின் அருகில் நின்று, "நல்லா வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பதாவது ஆளின் மணிக்கட்டை விட்ட பிறகு சின்னவள் எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு காலை ஊன்றினாள். இடுப்பு வரவில்லை. தூண் எட்டும் தூரத்தில் இல்லை. சுற்றிலும் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, மெதுவாகப் புரண்டு, பாயில்லாத வெறுந்தரையில், வரிசையின் கடைசி ஆளாக மல்லாந்து படுத்துவிட்டாள்.

டீச்சர் சின்ன மணியை அடித்தாள். நாற்பது பேரும் ஒவ்வொருவராகக் கண் திறந்து, உடம்பை நெளித்து, எழுந்தார்கள். போர்வையை மடித்துக் கூடையில் போட்டார்கள். வரிசைக் கோடியில் இன்னும் ஒருத்தி படுத்திருப்பதைப் பார்த்ததும் அவர்கள் முகம் இளகியது. அவள் பல்லைக் கடித்திருந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் கைகூப்பினார். ஓர் இளைஞன் அவளைச் சுற்றிக்கொண்டு, சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து போனான். மற்றவர்களும் அப்படியே நடந்தார்கள்.

பெரியவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்தாள். வாளி படியில் இடித்துத் தண்ணீர் சிந்தியது. அன்று நெற்றியில் கை வைத்ததற்கு அழுத அந்தப் பெண்மணி எதிரே வந்து வழியை மறித்தாள். படுத்திருப்பவளைத் திரும்பிப் பார்த்து, பெரியவளிடம் புன்னகைத்து, உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள்.