அங்கே ஆள் இருக்கு

பல்கலைக்கழகத்தின் உற்பத்தித்திறன் பிரிவில் எனக்கு வேலை. சோப்பு ஆலையில் சோப்பை எண்ணுவது போல இங்கே படிப்பை எண்ணுகிறோம். வகுப்பில் இருக்கும் மாணவர்களின் எண்ணிக்கையை ஆசிரியர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு துறையின் தலையெழுத்து வந்துவிடும். எண் குறைந்தால் துறையை இழுத்து மூடுவோம். இந்த மேதாவித்தனத்துக்குச் சம்பளமும் உண்டு.

எண்ணுவதற்கு வகுப்பறைக் கூரைகளில் ஒரு கருவி மாட்டியிருக்கிறோம். உடம்புச் சூட்டை வைத்து ஆளை எண்ணும். என் மேஜைத் திரையில் காட்டும். சோதித்துப் பார்க்க முதலில் எங்கள் அறையில்தான் மாட்டினோம். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

தத்துவத் துறையில் மிச்சமிருந்த ஒரே ஆசிரியர் என் அக்கா. அவளுடைய கடைசி மாணவனும் இந்தப் பருவத்தில் கணினிப் பக்கம் தாவிவிட்டான். அத்தான் படுக்கையில் இருக்கிறார். குடும்பமே அக்காவின் வேலையை நம்பித்தான். அவள் சீட்டு கிழிந்தது என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் திரையில் அவள் வகுப்பு நிறைந்து வழிந்தது.

கருவிதான் கோளாறு என்று ஒரு மதியம் நேரில் போனேன். அக்கா கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பெஞ்சுகள் அத்தனையும் காலி. நடுவில் நிறுத்தி, மூன்றாவது பெஞ்சைப் பார்த்துத் தலையாட்டி, "நல்ல கேள்வி" என்றாள். அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ?

சத்தமில்லாமல் முன்வரிசையில் உட்காரப் போனேன்.

"டேய், அங்க ஆள் இருக்கு. பின்னாடி போ."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் நகர்ந்து இடம் விட்டது போல.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். "யாருக்கா இவங்கெல்லாம்?"

"நீங்க மூடின துறைங்களோட பசங்க போலிருக்கு. பாதியில நின்னுபோச்சுல்ல அவங்க படிப்பு." டஸ்டரைத் தட்டினாள். "நான் துருவித் துருவிக் கேக்கல. பாடம் கேக்கறாங்க, அது போதாதா?"

இதை நான் அலுவலகத்தில் சொல்லவில்லை. எண் அவளைக் காப்பாற்றும்போது நான் ஏன் குறுக்கே விழ வேண்டும்?

எண் காப்பாற்றவில்லை. அத்தானுக்கு உடம்பு மோசமாகி அக்கா ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். வகுப்பு நேரம் வந்ததும் அந்த அறை அப்போதும் நிறைந்தது. எங்கள் இயக்குநர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார்.

"ஆசிரியரே இல்லாம முழு வகுப்பு! இதுக்கு மேல உற்பத்தித்திறன் ஏது? அந்தம்மா இனிமே எதுக்கு?"

"சார், அந்த ரூம்ல யாருமே இல்ல. நானே போய்ப் பார்த்தேன்."

"அக்காவுக்காகப் பேசறீங்க. மெஷினுக்கு அக்கா தங்கச்சி கிடையாது."

அவள் திரும்பி வந்த அன்றே வேலை போனது. அக்கா அழவில்லை. காலி வகுப்பறைக்குள் ஒருமுறை போய், கொஞ்ச நேரம் பேசிவிட்டு வெளியே வந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்குத்தான்.

மறுநாள் காலை அவள் வகுப்பறையில் ஒருவரும் இல்லை என்றது திரை. திரைப் பட்டியலில் மற்ற அறைகளை வரி வரியாகப் பார்த்துக்கொண்டே கீழே வந்தேன். கடைசி வரி எங்கள் அறை. காலை நேரத்தில் அங்கே நான் ஒருவன்தான் இருப்பேன். அன்று அறை நிறைந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கூட்டம் நடத்தப் போட்டிருந்த நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. பக்கத்து நாற்காலியைத் தொட்டேன். வெதுவெதுப்பு.

அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா... உன் பசங்க இங்க..."

"தெரியும்டா. நான்தான் அனுப்பினேன். பாவம், வேற எங்க போவாங்க?" அவள் குரல் வகுப்பில் பேசுவது போலவே நிதானமாக இருந்தது. "மூணாவது பெஞ்ச் பொண்ணுக்கு ஒரு சந்தேகம். எங்க படிப்ப ஏன் நிறுத்தினாங்கன்னு தினமும் கேப்பா. எனக்குப் பதில் தெரியல. உன்கிட்ட கேக்கச் சொல்லியிருக்கேன்."

என் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலி கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.