ஆந்தையை எடுத்த கட்டு

இதனால் கோவில்பட்டி, கழுகுமலை, கடம்பூர், இடைசெவல் வாழ் பொதுமக்களுக்கும், கரிசல் காட்டில் மேயும் ஆடுமாடுகளுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், 2006ஆம் வருடம் மே மாதம் பதினான்காம் தேதி ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு, சத்தியபாமா பிரவுசிங் சென்டரில் அகில தென்மண்டலக் கணினிச் சீட்டுப்போரின் மாபெரும் இறுதியாட்டம் தொடங்கியது. தென்மண்டலம் என்பது எட்டுப் பேர். அதில் ஆறு பேர் படம் அழகாக இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டுச் சேர்த்தவர்கள், காலையிலேயே கழன்றுபோனார்கள். மிச்சம் இரண்டு மாவீரர்கள்.

அதில் ஒருவனான சுடலைக்குமார், தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் டிசைன் போடுகிறவன். லேபிள் உலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. நன்றாக ஓடுகிற லேபிள் ஒன்றை எடுத்து, வலப்பக்கம் பார்க்கிற மயிலை இடப்பக்கம் பார்க்க வைத்தால் அது புது லேபிள். சுடலைக்குமார் இதுவரை பதினோரு மயில்களின் கழுத்தைத் திருப்பியிருக்கிறான். பதினோராவது மயில் வக்கீல் நோட்டீஸாகத் திரும்பி வந்து பிரஸ் முதலாளி ராமசுப்புவின் மேஜையில் உட்கார்ந்தது. அவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"சொந்தப் புத்தி உள்ளவன்கிட்டதாம்ல இனிமே டிசைன் செக்‌ஷன். ஒனக்கு அது இருந்தா காட்டு. இல்லன்னா வேற எடம் பாத்துக்கிடு."

காட்டுவதற்கு அவன் தேர்ந்தெடுத்த களம்தான் சீட்டுப்போர். கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் நூற்றுக்கணக்கான சீட்டுகளிலிருந்து நாற்பதைப் பொறுக்கி, அவரவர் கட்டை அவரவரே சேர்க்க வேண்டிய விளையாட்டு. தன் கட்டை மூன்று மாதம் மண்டையை உடைத்துச் சேர்த்ததாக ஊரெல்லாம் சொல்லி வைத்தான். உண்மையில் இருபது நிமிஷம். வெளிநாட்டு வெப்சைட் ஒன்றில் ரெடிமேடு கட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவனுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான். ஆனால் எண் தெரியும். மற்ற கட்டுகளுக்குக் கீழே நாலு பதில், ஏழு பதில். ஒன்றுக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. இத்தனை பேர் மொய்க்கிற கடையில் சரக்கு மோசமாக இருக்காது என்று அந்தப் பக்கத்தையே பதில்களோடு சேர்த்துப் பிரிண்டவுட் எடுத்துக்கொண்டான். பிறகு தொழில் தர்மப்படி, அதிலிருந்த ஆந்தையைத் தூக்கிவிட்டுப் புலியைப் போட்டான். கட்டு சொந்தமாகிவிட்டது.

எதிரே உட்கார்ந்தவன் இசக்கிபாண்டி. கழுகுமலைப் பிரஸ் ஒன்றில் டிசைன் போடுகிறவன். அங்கேயும் மயில்கள் உண்டு. முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் ராமசுப்பு வெள்ளைச் சட்டையும் கையில் கலர் சோடாவுமாக வீற்றிருந்தார்.

சுடலைக்குமார் கோடாரி வீரனை இறக்கினான். இசக்கிபாண்டியும் கோடாரி வீரன். சுடலைக்குமார் பாம்பாட்டி. அவனும் பாம்பாட்டி. எரிமலைக்கு எரிமலை. ஆறாவது சீட்டில் சுடலைக்குமாருக்குக் காது இரண்டும் கொதித்தது.

"ஏலே, எங் கட்ட எங்கன வச்சுலே களவாண்ட?"

"ஒங் கட்டா? மூள உருகி நாலு மாசம் யோசிச்சதுலே இது!"

"நாலு மாசமா? ஒனக்கு மூள இருந்தால்லாலே உருகுததுக்கு!"

அப்போது இசக்கிபாண்டி ஒரு கரடியை இறக்கினான். சுடலைக்குமார் துள்ளி எழுந்து முதலாளியைப் பார்த்துக் கத்தினான்.

"பாத்தியளா அண்ணாச்சி! ஆந்தைய எடுத்துட்டுக் கரடிய வச்சிருக்கான்! ஏலே, மயிலத் திருப்பி வச்சா லேபிளு ஒன்னதாயிருமோ?"

இசக்கிபாண்டி மெதுவாக நிமிர்ந்தான்.

"அதுல ஆந்த இருந்துச்சுன்னு ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

ராமசுப்பு கலர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தார். இந்தக் கேள்விக்குச் சுடலைக்குமாரிடம் ஒரே பதில்தான் இருந்தது. கீபோர்டை வயரோடு பிடுங்கி, கேட்ட வாயிலேயே அறைந்தான்.

தெறித்து விழுந்த வெள்ளைத் துண்டுகளில் எது பல், எது பட்டன் என்று பிற்பாடு பொறுக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இசக்கிபாண்டி ரத்தத்தைத் துப்பிவிட்டு இரும்பு ஸ்டூலைத் தூக்கி வீசினான். சுடலைக்குமாரின் தாடை விறகு முறிகிற மாதிரி முறிந்தது. முறிந்த தாடையோடு பாய்ந்து, மவுஸ் வயரை அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தான். கண் பிதுங்கிய இசக்கிபாண்டி இடுப்பைத் தடவினான். லேபிள் வெட்டுகிற கத்தி. சுடலைக்குமாரின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. ரத்தம் பீய்ச்சி முதலாளியின் வெள்ளைச் சட்டையில் டிசைன் போட்டது. இருவரும் கட்டிப் புரண்டதில் மானிட்டர் கவிழ்ந்து வெடித்தது. கண்ணாடித் தடுப்பு நொறுங்கி அவர்கள் முதுகில் இறங்கியது.

"ஏ மூதிகளா, வெளிய போய்ச் சாவுங்கலே!" என்று சென்டர்க்காரி சத்தியபாமா கத்திய கத்து பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எதிரெதிர்க் கட்டில்கள். சுடலைக்குமாருக்குத் தாடையில் கம்பி, கையில் இருபத்தாறு தையல். இசக்கிபாண்டிக்கு மூன்று பல் குறைவு. ராமசுப்பு சட்டைகூட மாற்றாமல் வந்து நின்றார். தையல் இருபத்தாறையும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அடுத்தவன் சரக்குக்காக எவனாவது இம்புட்டு ரத்தம் சிந்துவானா? இது சொந்தப் புத்தியேதான். ஏலே சுடல, நாளையிலேர்ந்து டிசைன் செக்‌ஷன் ஒனக்குத்தாம்ல."

கம்பி போட்ட வாயால் சிரிக்க முடியாததால் சுடலைக்குமார் அழுதான்.

அந்த நேரம் பார்த்து சத்தியபாமா உள்ளே வந்தாள். கையில் ரத்தம் காய்ந்த இரண்டு தாள் கத்தைகள்.

"அண்ணாச்சி, கூட்டும்போது ரெண்டு பேரு பையும் ஒடஞ்சு கெடந்த கண்ணாடிக்குள்ள கெடந்துச்சு. ரெண்டுக்குள்ளயும் ஒரே தாளுகதான். இவுகளுக்கு இங்கிலீசு தெரியாதுல்லா? நான் வாசிக்கேன், கேளுங்க."

'இந்தக் கட்டை வைத்துப் பதினேழு ஆட்டம் ஆடினேன், பதினேழிலும் தோற்றேன், என்ன தப்பு?' என்று அதை வெப்சைட்டில் போட்ட வெளிநாட்டுக்காரன் கேட்டிருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பதில்களும் ஆந்தையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப்போடச் சொல்லியிருந்தன.