பதினெட்டு மில்லிமீட்டர்

முரளிதரன் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவன் வளைகுடாவுக்கு வந்து ஆகிற வருஷமும் அதுதான். திருச்சியில் இருந்தபோது பஸ் கண்டக்டரிடம்கூட மல்லுக்கு நிற்கிற ஆள். விசா குத்திய பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து எல்லாமே 'நோ பிராப்ளம்' ஆகிவிட்டது. முப்பது பக்க ரிப்போர்ட் மூன்று மணி நேரத்தில் வேண்டுமா, நோ பிராப்ளம். வெள்ளிக்கிழமை லீவை ரத்து செய்யலாமா, நோ பிராப்ளம். இங்கே பிழைக்க வந்த எல்லோருக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. இவனுக்கு முற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரு புரொபஷனல் ஃபுட்பால் கிளப்பில் வீடியோ அனலிஸ்ட் வேலை. மேட்சை நொடி நொடியாக வெட்டி, யார் எங்கே ஓடினான், பந்து யார் காலில் எத்தனை நொடி இருந்தது என்று கணக்கெடுத்துக் கோச்சுக்குக் கொடுக்க வேண்டும். அஜ்மானில் இரண்டு பெட்ரூம் வீடு. மனைவி ராதா. மகள் இளவேனில் பிளஸ் டூ, பிப்ரவரியில் போர்டு எக்ஸாம். வேலை போனால் விசா போகும், விசா போனால் பாதிப் படிப்பில் அவளை ஊருக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பயம் காலையில் பல் தேய்க்கும்போதே அவனோடு எழுந்துகொள்ளும்.

ஜூனில் புதுக் கோச் வந்தார். செர்பியாக்காரர், ஆறடி உயரம், பேச்சில் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. வந்த அன்றே முரளிதரனிடம், "எனக்குச் சொந்தமாக ஒரு அனலிஸ்ட் இருக்கிறான். டிசம்பர் வரை உன்னைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். முரளிதரன் நோ பிராப்ளம் என்றான்.

"போன சீசனில் நாம் வேகமாக ஆடியபோது என்ன ஆனது? அதைச் சொல்" என்பதுதான் கோச் கேட்ட முதல் கேள்வி. நாலு நாள் கண் எரிய உட்கார்ந்து முரளிதரன் விடை கண்டுபிடித்தான். அடித்த முப்பத்தொரு கோலில் பதினாலு கோல், பந்தைப் பிடுங்கிய பத்து நொடிக்குள் அடித்தவை. கோச் மேஜையைத் தட்டினார். "பார்த்தாயா! பந்தை உருட்டி உருட்டித்தான் ஒன்பதாவது இடத்தில் கிடந்தீர்கள். இனி பத்து நொடி. பிடுங்கு, ஓடு, அடி!"

அதில் முரளிதரன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அந்தப் பதினாலில் பதினொன்று டிசம்பர், ஜனவரியில், குளிர்ந்த காற்றில் அடித்தவை. அதுவும் நம் டீம் ஏற்கெனவே முன்னிலையில் இருந்த மேட்சுகள். எதிராளி சமன் செய்யப் பதறி மேலே ஏறி வந்தான், பின்னால் இடம் திறந்து கிடந்தது. வேகத்தால் முன்னிலை வந்ததா, முன்னிலை வந்ததால் வேகமாக ஆட முடிந்ததா? கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதைத் தனிப் பக்கமாக எழுதியும் வைத்திருந்தான். கோச்சின் முகம் பூரித்துப்போனதைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டான்.

சரி, அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆகஸ்ட் கடைசியில் கோச் மைதானத்தில் பந்தை உருட்டிப் பார்த்தார். பந்து சோம்பலாகப் போய் நின்றது. "இந்தப் புல்லில் எப்படிப் பத்து நொடி? எத்தனை மில்லிமீட்டர் இது? பதினெட்டுக்கு வெட்டச் சொல். ஐந்து நாளில் முதல் மேட்ச்."

புல்லைப் பார்த்துக்கொள்வது கார்மேகம். சிவகங்கைப் பக்கத்து ஆள், காண்டிராக்ட் கம்பெனி அனுப்பி ஏழு மாசம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஓமானில் சோஹார் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது வருஷம் இருந்தான். அங்கே ஃபோர்மேன் முதல் கூட வேலை பார்த்தவர்கள் வரை எல்லாம் தமிழ் ஆட்கள் என்பதால் இந்தியும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. இங்கே சூப்பர்வைசர் ஹஸ்னைன் கை ஜாடையில் சமாளித்துக்கொண்டிருந்தார். அவரும் இரண்டு மாச லீவில் லாகூர் போய்விட, கார்மேகத்துக்கு வாய் முரளிதரன்தான் என்றாகிவிட்டது. கார்மேகத்துக்கு அதில் ஏக சந்தோஷம். பம்ப் ரூமுக்குப் பின்னால் அவன் வளர்த்த கறிவேப்பிலைச் செடியிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு கொத்து ராதாவுக்கு வந்துவிடும்.

முரளிதரன் பதினெட்டு என்று சொன்னதும் கார்மேகம் பதறிவிட்டான்.

"வேணாம் சார். இப்ப முப்பதுல இருக்கு. ஒரே அடியா பதினெட்டுக்கு எறக்குனா பச்சை பூராம் போயி வெறும் தண்டுதான் நிக்கும். இந்த வெயில்ல ரெண்டே நாள்ல வெந்துரும். வாரத்துக்கு மூணு மில்லி எறக்குறேன். ஒரு மாசம் டயம் குடுக்கச் சொல்லுங்க, அவரு கேட்ட பதினெட்டைக் கம்பளம் மாதிரி விரிச்சுத் தாறேன். நீங்க வெவரமா எடுத்துச் சொல்லுங்க சார், கேப்பாரு."

கோச் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். "என்னவாம்? இவ்வளவு நேரமாகப் பேசுகிறான்?"

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அன்று காலையில்தான் ஏதோ ஒரு வீடியோ தாமதமானதற்கு அந்த மனுஷன் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தார். மறுபடியும் அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க முரளிதரனுக்குத் தெம்பில்லை.

"நோ பிராப்ளம் கோச். வெட்டிவிடுகிறானாம்."

கோச்சின் அருகில் போய்ச் சொன்ன அது ஒரு பொய். அடுத்த நிமிஷமே கார்மேகத்திடம் திரும்பி வந்து இன்னொன்று சொன்னான். "நீங்க சொன்னதெல்லாம் சொல்லிட்டேன் கார்மேகம். பரவால்ல, தன் பொறுப்பு, வெட்டுங்கன்னு சொல்றார்."

கார்மேகம் கோச்சைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான். கோச்சும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். பாவிகள், நடுவில் நின்றவனை இருவருமே நம்பினார்கள்.

நாலாம் நாள் மைதானம் பழுப்பேறிவிட்டது. மேட்ச் அன்று கோல் முனைகளில் மண் தெரிந்தது. பந்து குதித்துக் குதித்துப் போயிற்று. மூன்று-பூஜ்யம், தோல்வி. டிவியில் மைதானத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். கார்மேகம் விடிந்ததும் பைப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பான், மணலைத் தூவி வேரைக் காப்பாற்றப் பார்ப்பான். முரளிதரன் காரை வேறு கேட்டில் நிறுத்த ஆரம்பித்தான்.

அடுத்த இரண்டு மேட்சும் வெளியூரில். அங்கே புல் அருமையாக இருந்தது. பந்து சர்ரென்று போனது. முதல் இருபது நிமிஷம் நம் பையன்கள் பேய் மாதிரி ஓடினார்கள். அறுபதாவது நிமிஷத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. எதிராளிகள் கூட்டமாகப் பின்னால் நின்று, பத்து நொடியில் வந்த பந்தைப் பத்து நொடியில் வாங்கித் திருப்பிக்கொண்டுவந்தார்கள். இரண்டிலும் தோல்வி, வாங்கிய ஐந்து கோலும் அறுபத்தைந்தாவது நிமிஷத்துக்கு மேல். முரளிதரன் அட்டவணை போட்டுப் பார்த்தான். புல்லின் குற்றம் கால்வாசிகூட இல்லை. குற்றம் அந்தப் பத்து நொடியில் இருந்தது. அதைக் கோச் தலையில் ஏற்றியவனும் இவனேதான்.

முரளிதரன் காட்டிய அந்த அட்டவணையைக் கோச் இரண்டு தரம் பார்த்தார். பிறகு லேப்டாப்பை மெல்ல மூடினார். "ஏன் தோற்றோம் என்று விசாரிக்கக் கிளப் மானேஜர் கூப்பிட்டிருக்கிறார். நாம் புல்லிலிருந்து ஆரம்பிப்போம். மற்றது வேண்டாம். நீ நல்ல அனலிஸ்ட், முரளி. டிசம்பர் பேச்சை மறந்துவிடு."

அன்று சாயங்காலம் ராதாவிடம் பாதி சொன்னான். அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டாள். "கார்மேகம் முன்னாடியே சொன்னார்தானே?"

"சொன்னார்."

"அப்ப சொல்லிடுங்க."

"சொன்னா, கோச்சுக்கு ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. நாளைக்கே என்னைத் தூக்கிடுவாங்க. இளவேனிலுக்கு அஞ்சு மாசம் இருக்கு ராதா. நீயே சொல்லு, என்ன பண்ணட்டும்?"

ராதா உருவிய காம்புகளைக் குப்பையில் போட்டாள். உள்ளே மகள் கெமிஸ்ட்ரியைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை மறுநாள் பதினோரு மணிக்கு. எல்லோரும் முதீர் என்று கூப்பிடுகிற கிளப் மானேஜர் கந்தூரா என்கிற வெள்ளை அங்கியில் நடு நாயகமாக உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதரில்லை, கார்மேகத்துக்கும் நாற்காலி போடச் சொன்னார். கார்மேகம் நுனியில் உட்கார்ந்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கோச்சைப் பார்த்துத் தெரிந்தவரிடம் சிரிப்பதுபோலச் சிரித்தான்.

முதீர் முரளிதரனிடம் இங்கிலீஷில் சொன்னார். "அவனைக் கேள். புல் சாகும் என்று தெரிந்திருந்தால் ஏன் எச்சரிக்கவில்லை?"

முரளிதரன் தமிழில் கேட்டான். "கார்மேகம், புல்லு வெந்துடும்னு ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேக்கறார்."

"சொன்னேனே சார்!" கார்மேகம் முகத்தில் நிம்மதிதான் வந்தது. இவ்வளவுதானா என்கிற மாதிரி. "இந்தா, கோச்சு சாருக்கே தெரியுமே. ஒரு மாசம் குடுங்கன்னு சொன்னேன், நீங்கதானே எடுத்துச் சொன்னீங்க. தன் பொறுப்புன்னு அவருதான் வெட்டச் சொன்னாரு. கேளுங்க சார் அவர்ட்ட, பெரட்டிப் பேச மாட்டாரு." கோச்சின் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அன்று காட்டினாரே, அதை ஞாபகப்படுத்துகிறானாம்.

கோச் ஒன்றும் புரியாமல் விழித்தார். முதீர் முரளிதரனைப் பார்த்தார்.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முரளிதரனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஹி ஸேஸ் சாரி" என்றான்.

கார்மேகத்தின் கட்டைவிரல் மெல்லக் கீழே இறங்கியது. இங்கிலீஷ் தெரியாதவன்தான். ஆனால் வளைகுடாவில் பத்து வருஷம் கூலி வேலை பார்த்தவனுக்கு சாரி என்ற சொல் தெரியாதா? தினம் நாலு தரம் சொல்ல வைக்கிற சொல் அது.

"நான் எப்ப சார் சாரி சொன்னேன்?"

முரளிதரன் அவனைப் பார்க்கவில்லை. முதீர் கம்பெனிக்குக் கடிதம் போடுவதாகச் சொன்னார். கலாஸ், முடிந்தது, இந்த ஆள் வேண்டாம், வாரக் கடைசியில் ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கட்டும். முரளிதரன் அதை ஒரு எழுத்துக்கூட விடாமல் தமிழில் சொன்னான். அன்று அவன் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

கார்மேகம் எழுந்து நின்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலாம்.

"என் வாயில நீங்களே எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டீங்க சார். நல்லாருங்க. நாளைக்கு வெளியூர்ல உங்க புள்ளைக்கும் இப்பிடி ஒருத்தன் வந்து பேசட்டும்."

முரளிதரனின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"இப்போது என்ன சொல்கிறான்?" என்று கேட்டார் கோச்.

"ஹி ஸேஸ் நோ பிராப்ளம்" என்றான் முரளிதரன்.