என்டர் கீயின் சத்தம்

ஊரார் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. வாயைத் திறந்தால் மூடமாட்டார். கடைசியில் மருத்துவர்கள்தான் மூடினார்கள். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை, பேச்சுக்கு மேஜைமேல் ஒரு கீபோர்டு என்றாகிப்போனது அவர் பிழைப்பு.

கீபோர்டும் லேசுப்பட்டதல்ல. ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங் வைத்த கனத்த சாமான். பின்னறையில் அவர் மனைவி தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாலும், அந்த இரைச்சலையும் மீறி என்டர் கீயின் 'டொக் டொக்' வந்துவிடும். இரண்டு தட்டு என்றால் 'வா'. விடாமல் தட்டினால் சண்டை. குரல் போயும் இந்த மனுஷனுக்குக் கத்தத் தெரிகிறதே என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் காலை தேநீர் கொட்டிக் கீகள் ஒட்டிக்கொண்டன. தையல்காரி சும்மா இருப்பாளா? மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பிக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். உள்ளே நரைமுடியும் பிஸ்கெட் தூளும் அப்பிக்கிடந்தன. பிரஷ்ஷால் கூட்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சத்தம் போடுகிற மெஷின் சீக்கு மெஷின் என்றே பழகிய கை அது. ஸ்பிரிங்குகளுக்குக் கிரீஸ் தடவினாள். என்டர் கீ போய் இடிக்கிற இடத்தில், அவர் கழுத்துக்கு வாங்கிய பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினாள். கொஞ்சம் நிம்மதியும் வேண்டியிருந்தது அவளுக்கு, அதையும் மறைப்பானேன்.

மூடிகள் காய்ந்ததும் மாட்டிக் கொடுத்தாள். அவர் தட்டிப் பார்த்தார். தலையணையைத் தட்டியதுபோல் இருந்தது. திரையில் எழுத்து ஓடியது: "இதுக்கும் தொண்டை ஆபரேஷனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உடம்புதான் போச்சு, குசும்பு போகல உங்களுக்கு."

"இனி உன்னை எப்படிக் கூப்பிடறது?" என்று தட்டினார்.

"கூப்பிடாமத்தான் கொஞ்ச நேரம் இருங்களேன். ஒரு சட்டையாவது முழுசாத் தைக்க விடுங்க. சாயந்திரம் அந்தப் பிளாஸ்திரியப் பிச்சு எடுத்துடறேன்."

நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரே மூச்சில் தைத்தாள். காலர் வைத்தாள், காஜா எடுத்தாள். பரவாயில்லை, மனுஷன் சமர்த்தாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

சொன்னபடி சாயந்திரம் கத்தரியோடு வந்தாள். அவர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். கழுத்துத் துளையைச் சளி கட்டியாக அடைத்திருந்தது. உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது.

திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. கூப்பிடவே இல்லை, தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்று அந்த நிலையிலும் மனசு ஒரு ஆறுதலைத் தேடிப் பிடித்தது. ஆனால் காலையில் தட்டிய கிண்டல் எங்கே? மவுஸைப் பிடித்துத் திரையை மேலே உருட்டினாள். வெறும் பக்கம். இன்னும் உருட்டினாள். அதுவும் வெறும் பக்கம். என்டர் கீயைத் தட்டினால் எழுத்து விழாது, வரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உருட்டிக்கொண்டே போனாள். எத்தனையோ வெற்றுப் பக்கங்களுக்கு மேலே அவருடைய கடைசி வரி இருந்தது.

"இனி உன்னை எப்படிக் கூப்பிடறது?"