ஈரத் துணியும் அமாவின் அம்மாவும்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கரையான்சாவடியில், கலீல் ரகுமானின் பிரேம் கடையில், ஓர் ஓவியத்திலிருந்த அமாவின் அம்மா முகத்தை ஈரத் துணியால் துடைத்தவன் நான்தான். வெள்ளையாகத் தூசி படிந்திருக்கிறதே என்று நினைத்தேன். தூசி இல்லை, முகமே அதுதான். இந்தக் கதை அந்தத் துணியில் பிறந்தது.

வரைந்தவள் அமா. கானா நாட்டுக்காரி, மூன்று வருடமாக ஐயப்பன்தாங்கலில் வாடகைக்கு இருக்கிறாள். அம்மா இறந்தபோது ஊர் ஆற்றங்கரையிலிருந்து ஒரு பிடி வெள்ளை மண் எடுத்துவந்தாள். அங்கே சடங்குகளில் பூசிக்கொள்கிற மண். அதில்தான் அந்த முகம்.*

* பசை கலக்கவில்லை. அம்மாவை ஒட்டிவைக்க மனம் வரவில்லையாம். கண்காட்சிக் குறிப்பு எழுதத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 'கரையாத நினைவுகள்' என்று தலைப்பு வைத்த கையோடு துணியை நனைத்தேன்.

2

கைவிட்ட ஆரம்பங்கள்:

அன்று பூந்தமல்லியில் பெய்த பேய்மழை கடைக்குள்— (பெய்யவில்லை.)

கடையில் வேலை பார்க்கும் துலுக்கானம் பக்கெட்டைத் தட்டிவிட— (அவர் அப்போது சாப்பிடப் போயிருந்தார். பாவம், அவர் மேல் பழி போட மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.)

3

படம் போச்சா, மீளுமா என்று கலீலிடம் கேட்டேன். டீ சொல்லி அனுப்பினார். சாப்பிட்டுவிட்டு வந்த துலுக்கானத்திடம் கேட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, ஊட்ல ஒரு நாளு துணி புடிச்சிகீறியா? இங்க வந்து தொடச்சிகினு கீற."

இது பதிலா?

4

முடிவு ஒன்று: நான் விபூதியைக் குழைத்துப் பூசுகிறேன். அமா கண்கலங்கி, எல்லா அம்மாவும் ஒன்றுதான் என்கிறாள். (எழுதும்போது எனக்கே கூசியது. அவள் அம்மா வேறு, என் அம்மா வேறு. என் அம்மாவாக இருந்தால் இதற்குள் என் முதுகில் ஒன்று வைத்திருப்பாள்.)

முடிவு இரண்டு: அமா கவனிக்கவே இல்லை. (மகள், ஐயா. கவனிக்காமல் இருப்பாளா?)

5

சாயங்காலம் அமா வந்தாள். முகம் இருந்த இடத்தில் துணியின் தடம் மட்டும். அதை விரலால் தடவிப் பார்த்தாள். சென்னைக் காற்றின் ஈரப்பதம் பற்றி நான் பேச ஆரம்பித்தேன். துணி இன்னும் என் தோளிலேயே கிடந்தது. அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து என் கையில் கொடுத்தாள். தண்ணீரைத் தரையில் ஊற்றி, இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, நடந்ததைச் சொல்வது அவர்கள் வழக்கம்.

"போச்சு. வேற மண்ணு இல்ல. அழிச்சது நீ. அம்மா பேரு எஃபுவா. நீயே சொல்லு."

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. பொய் சொன்னா தெரியும்."