கால் மணிக்கு ஒரு பக்கம்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் தன் வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தபோது, வக்கீல் அவருக்கு டீ வரவழைத்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்த ஆள், தானாகவே கதவைத் தட்டி வந்திருந்தார்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவருடைய ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணை எதற்கு நினைவில் வைத்திருக்கப் போகிறார்? அந்த இரண்டு நாளில்தான் உள்ளே அவள் அண்ணனிடம் ஏழு பக்க வாக்குமூலம் வாங்கினார்கள், கடையை உடைத்துக் காவலாளியைத் தாக்கினேன் என்று. அண்ணன் ஒன்பது வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். இப்போது வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் அந்த ஏழு பக்கமும் அவனுக்கு முன்னால் போய் நிற்கிறது.

அவள் அதை மனப்பாடமாகச் சொல்வாள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் நேரம் போட்டிருக்கும். பத்து, பத்தேகால், பத்தரை, பத்தேமுக்கால். கால் மணிக்கு ஒரு பக்கம், ஏழு பக்கமும். சட்டம் படிக்கும்போதே அது கண்ணை உறுத்தியது. ஆனால் நேரம் ஒழுங்காக இருப்பது மட்டும் ஆதாரமாகாது என்று மேல் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. எழுதியவனே வந்து சொன்னால்தான் உண்டு. எழுதியவன் எதற்காகச் சொல்வான்?

இன்ஸ்பெக்டர் மேல் இருந்த குற்றச்சாட்டு, லாக்கப்பில் ஒருவனின் கையை உடைத்தது. அதைக் கண்ணால் பார்த்ததாக ஸ்டேஷன் டிரைவர் கொடுத்த வாக்குமூலம்தான் வழக்குக்கு முதுகெலும்பு. அவன் பிறகு பல்டி அடித்திருந்தான். உண்மையில் உடைத்தீர்களா என்று வக்கீல் கேட்கவில்லை. கட்சிக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

"இது ஜோடிச்சது மேடம்." இன்ஸ்பெக்டர் தாள்களைத் தட்டினார். "மூணு மணி, மூணே கால், மூணரை. நிஜமா விசாரிச்சா இப்படி வருமா? ஆளு அழுவான், தண்ணி கேப்பான், பாத்ரூம் போகணும்பான். மூணு ஏழு, மூணு நாப்பத்திரண்டுன்னு கன்னாபின்னான்னுதான் இருக்கும். பின்னாடி ஒரே மூச்சா உக்காந்து எழுதினாத்தான் இவ்ளோ அழகா வரும்."

வக்கீல் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நாங்க எழுதாததா?" என்று சிரித்தார்.

"இதை நீங்க கூண்டுல ஏறிச் சொல்லணும்."

"நீங்களே சொல்லிடக் கூடாதா?"

"நான் சொன்னா வக்கீல் வாய். நீங்க சொன்னா அனுபவம்."

நல்ல ஆலோசனைதான். கெட்டிக்கார வக்கீல் யாராக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். நேர்மையான வக்கீலாக இருந்தால், என் அண்ணன் உங்களால் உள்ளே போனவன், வேறு ஆளைப் பாருங்கள் என்றும் சொல்லியிருப்பார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றாள்.

வீட்டில் அண்ணன் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆளு கேஸை எடுத்திருக்கியாமே வக்கீலம்மா. உனக்கு வேற திருடனே கிடைக்கலையா?"

"கிடைச்சாங்க. இவர் அளவுக்கு யாரும் தேறலை."

"அவனைக் காப்பாத்தப் போறியா?"

"காப்பாத்தியே ஆகணும்ணா. தோத்தா, அவர் கூண்டுல சொல்லப் போறதெல்லாம் பொய்னு ஆயிடும். உன் பேப்பரை உடைக்க எனக்கு அவர் வாய் வேணும். அதைக் கோர்ட் நம்பணும்."

அண்ணன் இறக்கையைத் திருப்பிப் பார்த்தான். "அவன் ஜெயிக்கணும்னு நினைக்க என்னால முடியாதும்மா. எனக்கு அவன் தோக்கணும், அவ்வளவுதான்."

கூண்டில் இன்ஸ்பெக்டர் வெளுத்து வாங்கினார். டிரைவரின் வாக்குமூலத்தை நேரம் நேரமாகப் பிய்த்துப் போட்டார். நீதிபதி குறிப்பெடுத்தார். அதோடு வக்கீல் உட்கார்ந்திருக்கலாம். வழக்குக்கு அது போதும்.

"இதே மாதிரி நீங்க எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நீதிபதி தலையை நிமிர்த்தினார். "உங்களுக்கு எதிராப் போகக்கூடிய கேள்விக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை. புரியுதா?"

இன்ஸ்பெக்டர் தன் வக்கீலைப் பார்த்தார். ஊசி போடப் போகிற டாக்டரைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அவள் தலையசைத்தாள்.

"எழுதியிருக்கேன் ஐயா. சர்வீஸ்ல ஒரு இருபது, இருபத்தஞ்சு இருக்கும். கால் மணிக்கு ஒரு பக்கம்னு ஸ்டேஷன்ல பழக்கிவிட்டதே நான்தான்."

குரலில் லேசான பெருமை கூட இருந்தது. அரசு வக்கீல் எழுந்து கேள்விமேல் கேள்வியாக விரட்டினார். விரட்ட விரட்ட எந்த வருஷம், எந்த அறை என்பதும் வெளியே வந்தது. அவள் ஒருமுறை கூட ஆட்சேபிக்கவில்லை.

மூன்றாவது வாரம் தீர்ப்பு. தனக்கே கேடு என்று தெரிந்தும் சொன்னதால் இவருடைய சாட்சியம் நம்பத்தக்கது என்று நீதிபதி எழுதியிருந்தார். விடுதலை. வராந்தாவில் இன்ஸ்பெக்டர் கைகூப்பியபடி வந்தார். அவள் கையில் நீதிமன்ற முத்திரை குத்திய காகிதக் கட்டு இருந்தது.

"அது என்ன மேடம்?"

"நீங்க கூண்டுல சொன்னது. ஒரு மறுவிசாரணை மனுவோட இன்னைக்குத் தாக்கல் செய்றேன்."

"யாருக்கு?"

வழக்கு எண்ணைச் சொன்னாள். வருஷத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஞாபகம் இல்லையே. எத்தனையோ கேஸ்."

"எங்க அண்ணன்."

கூப்பியிருந்த கையை அவர் இறக்கினார். "உங்களை நம்பினேம்மா."

"அவனும் உங்களை நம்பினான். கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போகலாம்னீங்க."

"என் மேல திரும்பக் கேஸ் வருமா?"

"வரும்."

"இப்ப நான் என்ன பண்றது?"

அவள் கட்டைப் பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டாள்.

"வேற வக்கீலைப் பாருங்க. கொஞ்சம் நல்லவங்களா."