அப்பாவையும் கூப்பிடுங்கோ

"அடுத்த வருஷம் என்ர அப்பாவையும் இந்த விழாவுக்குக் கூப்பிடுங்கோ, மாமா."

றீற்றா கேட்டேவிட்டாள். அப்பாவின் பேச்சை மட்டும் எடுக்காதே என்று, அவளைக் கட்டப்போகிற கிருஷாந் ஆயிரம் தரம் சொல்லி வைத்திருந்தான். திருமணப் பதிவு முடியும்வரை இரண்டு வீட்டாரும் சந்திக்கவே கூடாது, முடிந்த பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது என்பது அவன் போட்ட திட்டம். ஜெர்மனியின் வுப்பர்டாலில் இருந்து அவன் தாய் தகப்பனோடு வரும் வழியில், பெட்ரோல் போட நிறுத்திய இடத்திலும் காதுக்குள் அதையே ஓதினான்.

மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு, அதன் கரையில் சின்ன ஊர். அன்று அங்கே தூண்டில்காரர் விழா. மீனை ஏமாற்ற இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய் ஈக்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் நகை போல அடுக்கி வைத்திருந்தார்கள். நரைத்த மனிதர்கள் தண்ணீரே இல்லாத புல்வெளியில் மஞ்சள் தூண்டில் கயிற்றைச் சுழற்றி வளையங்களைக் குறிபார்த்து எறிந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தேவாலயத்துக்குள் நிற்பது போல நின்றார்கள்.

கிருஷாந்தின் தகப்பன் ஆனந்தராசா போன வருடம்தான் சோதனை எழுதி மீன்பிடி அனுமதி எடுத்தவர். உடம்பெல்லாம் பை வைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு, காலையில் இருந்து விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

"இது வலை வீசிற வேலை இல்லை, பிள்ளை. கலை. சின்ன மீனைத் திருப்பி விடுறவங்கள். ஊரில மீன்பிடி எண்டா என்ன? நாத்தமும் தூஷணமும்."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் றீற்றாவின் வாய் திறந்தது.

"கூப்பிடுவம், அதுக்கென்ன," என்றார் ஆனந்தராசா. "அவருக்கும் இதில விருப்பமோ?"

"விருப்பம் எண்டில்லை. அதுதான் அவற்ற தொழிலா இருந்தது."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கிருஷாந்தின் தாய் கமலாம்பிகை கையை நிறுத்தினாள். "நீங்கள் ஊரில எவடம்?"

பிறந்தநாள் விழாவென்றாலும் செத்தவீடு என்றாலும் தவறாத கேள்வி அது. ஊர்ப் பெயர் ஒன்று கிடைத்தால் போதும். மீதியை, சாதிவரைக்கும், தாங்களே பிரித்து எடுத்துவிடுவார்கள்.

"யாழ்ப்பாணம் டவுன், அம்மா. நான் சொன்னனான் தானே," என்று கிருஷாந் விழுந்தடித்துச் சொன்னான்.

"பாசையூர்," என்றாள் றீற்றா. "இஞ்ச வாற மட்டும் அப்பா கடலுக்குப் போனவர். பெரியப்பா இப்பவும் போறார்."

ஆனந்தராசாவின் தூண்டில் சங்கத்து நண்பர், ஒரு தாடிக்காரர், என்ன கதை என்று வந்து கேட்டார். றீற்றா ஜெர்மனில் சொன்னாள். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. உண்மையான மீனவரா, கட்டாயம் கூட்டி வாருங்கள் என்று ஆனந்தராசாவின் தோளில் தட்டினார். "யா, யா," என்று ஆனந்தராசா சிரித்தார். நண்பர் போனதும் சிரிப்பும் போனது.

கமலாம்பிகை குரலைத் தாழ்த்தினாள். "நாங்கள் உதெல்லாம் பாக்கிற ஆக்கள் இல்லை, பிள்ளை. நீர் படிச்ச பிள்ளை, எஞ்சினியர். எங்களுக்கு உம்மைப் பிடிச்சிருக்கு."

"ஆனா?" என்றாள் றீற்றா.

"ஆனா சனத்தின்ர வாயை மூடேலாது. கலியாண மண்டபத்தில ஆரும் கேட்டா அப்பா டவுன் எண்டு சொன்னாக் காணும். உங்கட பக்கத்து ஆக்களையும் கொஞ்சம் குறைச்சா நல்லம்."

"அம்மா சொல்லுறது நியாயம்," என்றார் ஆனந்தராசா, தன் தூண்டில் கயிற்றைச் சுற்றியபடி.

கிருஷாந் அவளைக் கையில் பிடித்து அப்பால் கூட்டிப்போனான். அவன் முகத்தில் சந்தோஷம்! அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பாத்தியா, சம்மதிச்சிட்டினம். நான் பயந்து செத்திட்டன்."

"என்னத்துக்குச் சம்மதிச்சவை? என்ர கலியாணத்தில அப்பா தன்ர ஊரை மறைச்சுக்கொண்டு நிக்கிறதுக்கோ? அதை அவரிட்ட ஆர் சொல்லுறது? நீ சொல்லுறியோ?"

"ஒரு நாள் தானே, றீற்றா. ஒரு சொல்லுத் தானே. உனக்காக அவர் இதைச் செய்ய மாட்டாரோ?"

செய்வார்.  ஆஹென் பல்கலைக்கழகத்தில் அவள் பட்டம் வாங்கிய நாளில், அந்தக் குடும்பத்துக்கே முதல் பட்டம், ஹம் நகரத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் கண் சிவக்க வந்த அப்பா, கதிரை காலியாக இருந்தும் கடைசியில் சுவரோடு நின்றார். ஏன் கதிரையில் இருக்கவில்லை என்று கேட்டதற்கு, உன்ர சிநேகிதர் பாப்பினம் பிள்ளை என்றார். அந்த மனிதரிடம் போய் ஊரை மறையுங்கள் என்று கேட்டால் ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார். மண்டபத்தில் சிரித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, விளக்கை அணைத்துப் படுப்பார்.

"செய்வார்," என்றாள். "அதாலதான் கேக்க மாட்டன். உன்னட்ட ஒண்டு கேக்கிறன். இப்ப போய் அவையிட்டச் சொல்லு, றீற்றான்ர அப்பா பாசையூர் எண்டுதான் நான் மண்டபத்தில சொல்லுவன் எண்டு."

கிருஷாந் தாய் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு காலடிப் புல்லைப் பார்த்தான்.

"இண்டைக்கே எல்லாத்தையும் போட்டு உடைக்க வேணுமோ?" என்றான்.

றீற்றா மர வாங்கில் கிடந்த தன் ஜாக்கெட்டை எடுத்தாள். கமலாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க பிள்ளை, இன்னும் சாப்பிடேல்லையே?"

"போயிட்டு வாறன் எண்டு சொல்ல மாட்டன், மாமி. போறன். பஸ் இருக்கு."

தூண்டில்காரர் ஒருவர் அவள் கடந்து போகட்டும் என்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கார்கள் நிறுத்தியிருந்த இடம்வரை கிருஷாந் பேரைச் சொல்லிச் சொல்லிப் பின்னால் வந்தான். அங்கே தாய் கூப்பிடும் குரல் கேட்டது. அவன் நின்றான். அவள் நிற்கவில்லை.